காட்டுக்குக் கொண்டுபோன வெல்லம்

எங்கள் தெருவில் ஆப்பிரிக்காவுக்குப் போய்விட்டு வந்தவள் நான் ஒருத்திதான். அதனால் யார் வீட்டுப் பிள்ளை எந்த நாட்டில் வேலைக்குச் சேர்ந்தாலும், பார்க்கப் புறப்படும் தாய்மார்கள் முதலில் என் வீட்டு வாசலில்தான் வந்து நிற்கிறார்கள். துபாய்க்குப் போகிறவளுக்கும் நான்தான் யோசனை சொல்ல வேண்டும், சிங்கப்பூருக்குப் போகிறவளுக்கும் நான்தான். போன வாரம் வந்தவள் நிஜமாகவே ஆப்பிரிக்காவுக்குப் போகிறாள். மகன் தான்சானியாவில் இருக்கிறானாம். அப்பாவையும் அம்மாவையும் வரவழைத்துக் காட்டுக்கு அழைத்துப்போய் மிருகங்களைக் காட்டப் போகிறானாம்.

"சிங்கம் வண்டிக்குள்ள பூந்துடுமாக்கா?" என்று கேட்டாள். எங்கள் செராமிக் எஸ்டேட்டில் பக்கத்து யூனிட்டில் மில் ஓட்டும் அவள் புருஷன் உள்ளே வராமல் வாசலிலேயே நின்று இருமிக்கொண்டிருந்தார்.

"அதெல்லாம் பூராது. கண்ணாடிய ஏத்திக்கினு கம்முனு ஒக்காந்திருந்தா அது ஒன்ன திரும்பிக்கூட பார்க்காது" என்றேன்.

உள்ளறையில் என் வீட்டுக்காரருக்குக் காற்று கொடுக்கும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் அவள் காதில் விழாமல் இருக்க வழியே இல்லை. ஆனாலும் அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெட்டியில் என்னென்ன வைக்கலாம், எதை வைக்கக் கூடாது என்பதை மட்டும்தான் கேட்டாள்.

பெட்டி கட்டுவது எனக்குக் கைவந்த வேலை. விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் ஒரு சின்ன யூனிட்டில் பேக்கிங் ஷெட்டில் இருக்கிறேன். ஃப்யூஸ் கட்டை, ஹீட்டர் தட்டு, கொலுவுக்கு முன்னால் பொம்மை, கார்த்திகை வந்தால் அகல் விளக்கு, எது வந்தாலும் வைக்கோல் வைத்து அட்டைப்பெட்டியில் அடுக்கி, குலுக்கினால் சத்தம் வராதபடி கட்டி அனுப்ப வேண்டும். நான் கட்டிய பெட்டி லாரியில் கல்கத்தா வரைக்கும் போய், ஒரு பொம்மையின் மூக்குகூட உடையாமல் சேர்ந்திருக்கிறது. அந்தத் திமிர் எனக்கு உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

என் வீட்டுக்காரர் அதே யூனிட்டில் மில் மேஸ்திரியாக இருந்தார். கல்லையும் மண்ணையும் மாவாக அரைக்கிற பெரிய இரும்பு உருளையைத்தான் மில் என்போம். குவார்ட்ஸ் கல் பொடி மூட்டையைப் பிரித்து அதன் வாயில் கொட்டும்போது எழும்பும் வெள்ளைப் புகைக்குள் ஆள் இருப்பதே தெரியாது; எங்கள் பேக்கிங் ஷெட் வரைக்கும் அது பரவும். கொட்டி முடித்து, புருவமும் மீசையும் வெளுத்துப்போய் வெளியே வருவார். கல்யாணமான புதிதில் அதைப் பார்த்து நான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்திருக்கிறேன்.

எங்கள் எஸ்டேட்டில் ஒரு வழக்கம் உண்டு. சாயங்காலம் வேலை முடிந்ததும் ஆளுக்கொரு வெல்லக்கட்டி கொடுப்பார்கள். பெண்ணாடம் பக்கத்திலிருந்து மண்டை வெல்லமாக வாங்கி வந்து உடைத்துத் தட்டில் வைத்திருப்பார்கள். கை கழுவுகிறார்களோ இல்லையோ, வெல்லத்தை வாயில் போடாமல் யாரும் கேட்டைத் தாண்ட மாட்டார்கள். நாள் முழுக்க உள்ளே போன பொடியை வெல்லம் இறக்கிவிடும் என்பது எல்லோருக்கும் உள்ள நம்பிக்கை. எங்கே இறக்கும் என்று யாரும் கேட்டதில்லை. வெல்லம் தின்றாயிற்று, இன்றைய பொடி இன்றோடு போயிற்று என்று நிம்மதியாக வீட்டுக்குப் போவோம்.

அவருக்கு இருமல் எப்போது வந்தது என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது. முதலில் காலையில் மட்டும் இருந்தது. பிறகு சைக்கிள் மிதித்தால் வந்தது. பிறகு சட்டை மாட்டக் கையைத் தூக்கினாலே வந்தது. "நெஞ்ச ஒரு எக்ஸ்ரே படம் எடுத்துப் பாருங்களேன்" என்று நான் கத்தாத நாள் இல்லை. கடலூருக்குப் போகலாம், புதுச்சேரிக்குப் போகலாம் என்று பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றுகூடப் பார்த்தேன். அவர் அசையவில்லை.

"படம் எடுத்தவன் எவன்டி திரும்ப மில்லுக்கு வந்தான்? நெஞ்சுல லைட்டடிச்சு பார்த்தா இல்லாத வியாதியும் வந்துடும்" என்பார்.

எஸ்டேட்டில் பாதிப் பேர் இப்படித்தான் பேசுவார்கள். படம் எடுத்தவர்கள் எல்லாம் ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்ததை அவர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். முடியாமல் போன பிறகுதான் படம் எடுக்கப் போனார்கள் என்பது மட்டும் அவர்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஊருக்கே பிடித்த பிடிவாதம் இது.

இந்த நேரத்தில்தான் மகள் கூப்பிட்டாள். கட்டிக்கொடுத்த பிறகு அவளும் மருமகனும் தான்சானியாவில் அரூஷா என்ற ஊரில் இருக்கிறார்கள். மருமகனுக்கு அங்கே மோட்டார் பம்பு விற்கும் கம்பெனியில் வேலை. "அப்பாவுக்கு யானைன்னா உசுருல்ல. கூட்டம் கூட்டமா காட்டறேன். ரெண்டு பேரும் வாங்க" என்றாள். அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்து எனக்கு வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. சந்தோஷமும் பயமும் ஒன்றாகவே வந்தன. அங்கே டாக்டரிடம் மகள் இழுத்துக்கொண்டு போவாள், அவள் சொன்னால் கேட்பார் என்று ஒரு நப்பாசையும் இருந்தது.

அன்றிலிருந்து தினமும் போனில் அவள் குரல் வந்துகொண்டே இருக்கும். சோறு வடிக்கும்போது ஒன்று, துணி காயப்போடும்போது ஒன்று.

"அம்மா, சக்கரம் வச்ச கெட்டிப் பொட்டி வேணாம். துணிப்பை எடுத்துக்க. காட்டு வண்டியில பின்னாடி எடமே இருக்காது, அமுக்கித்தான் வைக்கணும்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அட்டைப்பெட்டியே வேண்டாம் என்றால் நான் என்ன வேலை தெரிந்தவள்? மகளுக்கென்று யூனிட்டிலிருந்து நல்ல ஊறுகாய் ஜாடி ஒன்று எடுத்து வைத்திருந்தேன். அதை வைக்கோலில் சுற்றி நடுவில் வைக்கலாம் என்று பார்த்தால், வைக்கோல் கொண்டுவந்தால் ஏர்போர்ட்டிலேயே பிடுங்கிப் போட்டுவிடுவார்கள் என்றாள். கடைசியில் என் புடவைகளுக்கு நடுவில் ஜாடியை உருட்டி வைத்துத் துணிப்பையிலேயே கட்டினேன். உடையாமல்தான் போய்ச் சேர்ந்தது.

அடுத்து பிளாஸ்டிக். சட்டை ஒரு கவர், மாத்திரை ஒரு கவர், முறுக்கு ஒரு கவர் என்று நான் எல்லாவற்றையும் ஜவுளிக்கடைக் கவரில் போட்டு வைத்திருந்தேன். பிளாஸ்டிக் பையோடு அந்த நாட்டில் இறங்கவே கூடாதாம். பழைய வேட்டியைக் கிழித்து முடிச்சுப் பைகளாகத் தைத்தேன். அது நல்ல யோசனைதான், யார் கேட்டாலும் இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறேன்.

நிறத்துக்கும் சட்டம் இருந்தது. நீலமும் கறுப்பும் கூடாது, ஒரு வகை ஈ அந்த நிறத்தைத் தேடி வந்து கடிக்கும். வெள்ளை ஒரே நாளில் அழுக்காகிவிடும். மண் நிறம், காக்கி, காய்ந்த புல் நிறம், இவைதான் சரி. இதைக் கேட்டதும் அவர் சிரித்தார். "அப்ப யூனிட்டு சட்டையே போதும். எல்லாம் மண்ணு கலருதானே?" என்று மில்லுக்குப் போட்டுப்போகும் சட்டைகளை எடுத்து நீட்டினார். எத்தனை முறை துவைத்தாலும் தையல் மடிப்பில் பொடி நிற்கும் சட்டைகள் அவை. நான் பிடுங்கி மூலையில் எறிந்துவிட்டுக் கடையில் புதிதாக வாங்கினேன்.

ஸ்வெட்டர் எடுத்துக்கொள் என்றபோது நான் சிரித்துவிட்டேன். ஆப்பிரிக்காவில் குளிருமா? விடியற்காலையில் திறந்த வண்டியில் போகும்போது பல் கிட்டும் என்றாள். வாசனைப் பவுடர் வேண்டாம், தலைக்குப் பூ வேண்டாம். தினமும் சாப்பிடும் மாத்திரைகளைக் கைப்பையில் வைத்துக்கொள், பெரிய பையை விமானத்தில் தொலைத்தால் தவிக்க வேண்டியிருக்கும். கொசு மாத்திரையை வெறும் வயிற்றில் போடாதே. செருப்பு வேண்டாம், மூடிய ஷூ போடு. இப்படி அவள் சொன்ன எல்லாமே பொன்னான யோசனைகள்தான்.

"அப்பாகிட்ட சொல்லு, தூசி ரொம்ப இருக்கும். மூக்கையும் வாயையும் சுத்திக் கட்டற மாதிரி துணி எடுத்துக்கச் சொல்லு."

அதற்குத்தான் அவர் விழுந்து விழுந்து சிரித்து, அந்தச் சிரிப்பே இருமலாகி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூச்சு திரும்பியதும் சொன்னார்: "பொடியிலயே பொழப்பு ஓட்டனவனுக்கு ரோட்டுத் தூசி என்னா பண்ணும்? கொஞ்சம் வெல்லம் கட்டி வை, போதும்."

நான் துணியையும் வைத்தேன், வெல்லத்தையும் வைத்தேன். வெல்லம் வைக்காவிட்டால் அவரே போய் வாங்கி வைப்பார்.

புறப்படுவதற்கு முன்னால் ஆழத்துப் பிள்ளையாரைக் கும்பிடப் போனோம். பெரிய கோயிலுக்குள் படியிறங்கிப் போய்ப் பார்க்கிற பிள்ளையார். இறங்கும்போது பேசிக்கொண்டே இறங்கினார். ஏறும்போது பாதியில் உட்கார்ந்துவிட்டார். உதடு லேசாக நிறம் மாறியிருந்தது. எனக்கும் அங்கே கொஞ்சம் நின்றால் தேவலை என்று இருந்தது, முட்டி வலி. பின்னால் வந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு ஏறிப் போனார்கள். பிள்ளையார் வேண்டாம் என்று சொல்கிறாரோ என்று நினைத்தேன். வாயைத் திறந்து சொல்லவும் செய்தேன். "வாயக் கழுவு" என்றார்.

மஞ்சள் காய்ச்சல் ஊசி போடச் சென்னைக்குப் போனோம். பயணத்துக்குப் பத்து நாளாவது முன்னால் போட்டாக வேண்டும், அதைத் தள்ளிப்போடவே கூடாது. முட்டை ஒத்துக்கொள்ளுமா, வேறு வியாதி உண்டா என்று அங்கே கேட்டார்கள். மூச்சு வாங்குவது உண்டா என்று கேட்டதும் அவர் இல்லை என்று படக்கென்று சொன்னார். நான் குறுக்கே புகுந்து, "இருக்குதுங்க, ரொம்ப நாளா இருமல் இருக்குதுங்க" என்றேன். அந்த டாக்டர் அம்மா அவர் முதுகில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். அவ்வளவு நேரம் கேட்டது எனக்குப் பிடிக்கவில்லை.

"எங்க வேலை பார்க்கறீங்க?" என்றார்.

"விருத்தாசலங்க. செராமிக்."

டாக்டர் அம்மா பேனாவைக் கீழே வைத்தார். ஊசி போடுகிறேன், ஆனால் போவதற்கு முன்னால் நெஞ்சை ஒரு படம் எடுத்து யாரிடமாவது காட்டுங்கள் என்றார். "போயிட்டு வந்து எடுத்துக்கறேங்க" என்று இவர் எழுந்து கும்பிட்டார். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் நான் திட்டிக்கொண்டே வந்தேன். முன் சீட்டுக்காரர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். இவர் ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்து, தூங்குவது போலக் கண்ணை மூடிக்கொண்டார்.

அரூஷாவில் இறங்கியதும் மகள் அப்பாவைக் கட்டிக்கொண்டாள். அவர் இருமலை அவள் கவனிக்கவே இல்லை. அப்பா என்றால் இப்படித்தான் இருமுவார் என்று நினைத்து வளர்ந்தவள் அவள். டாக்டர் சொன்னதை நான் அவளிடம் சொன்னேன். காடு பார்த்துவிட்டு வந்ததும் முதல் வேலையாக ஆஸ்பத்திரிக்குப் போகலாம், எல்லாம் ஏற்பாடு ஆகிவிட்டது என்றாள். மருமகனும் தலையாட்டினார். ஊரிலிருந்து கொண்டுவந்த பயம் எனக்கு அங்கேயும் அடங்கவில்லை.

முதல் நாள் போன காட்டில் யானைகளுக்கு முன்னால் என் கண்ணில் பட்டது மரங்களில் கட்டித் தொங்கவிட்டிருந்த துணிகள். நீலமும் கறுப்புமாகச் சேர்த்துத் தைத்த துணிகள், மரத்துக்கு மரம் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. அந்தக் கடிக்கிற ஈயை இழுத்துக் கொல்ல மருந்து தடவிக் கட்டியிருக்கிறார்களாம். ஆள் நடமாட்டமே இல்லாத காட்டில் யாரோ துணி காயப்போட்டுவிட்டுத் திரும்பி வராமல் போனது போல இருந்தது. நான் மகள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

வண்டி ஓட்டியவர் அந்த ஊர்க்காரர், அவர்தான் வழிகாட்டியும். அதிகம் பேச மாட்டார். இங்கிலீஷில் சொல்வதை மகள் எங்களுக்குத் தமிழில் சொல்வாள். வண்டிக்கு மேல்கூரை தூக்கிக்கொள்ளும், நின்றுகொண்டு பார்க்கலாம். இவர் யானைக் கூட்டத்தைப் பார்த்துக் குழந்தை மாதிரி சிரித்தார். ஒவ்வொரு வண்டி எங்களைக் கடக்கும்போதும் எழும்பிய தூசியில் நாங்கள் எல்லோரும் துணியை மூக்கில் இழுத்துக்கொண்டோம். அவர் பாக்கெட்டிலிருந்து வெல்லத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

மதியம் ஒரு ஓடைப் பக்கம் வரிக்குதிரைகள் வரிசையாகத் தண்ணீர் குடிக்கப் போய்க்கொண்டிருந்தன. புல்லுக்குள் ஒரு பெண் சிங்கம் படுத்திருந்தது. இவ்வளவு பக்கத்தில் இருந்தும் அந்த மிருகங்கள் எப்படித் தைரியமாக நடக்கின்றன என்று நான் கேட்டேன். வண்டி ஓட்டுபவர் மெதுவாக ஏதோ சொன்னார். மகள் கொஞ்சம் தயங்கிவிட்டுத்தான் சொன்னாள்.

"ஓடறத அது பார்க்காதாம்மா. எல்லாம் நடந்து போறப்ப எது நடுவுல நின்னு மூச்சு வாங்குதுன்னு மட்டும்தான் பார்க்குமாம். அதத்தான் எடுக்குமாம்."

அந்த நேரம் பார்த்து இவருக்கு இருமல் வந்துவிட்டது. சட்டையைக் கடித்து அடக்கப் பார்த்தார், முடியவில்லை. சிங்கத்தின் காது எங்கள் பக்கம் திரும்பியது. பிறகு தலையும் திரும்பியது. வெறும் சத்தத்துக்குத் திரும்பியதுதான், எனக்குத் தெரியும். ஆனாலும் அது வரிக்குதிரைகளை விட்டுவிட்டு இவரையே பார்த்துக்கொண்டிருந்தது. "வண்டிய எடுக்கச் சொல்லுடி" என்று மகளிடம் கத்தினேன்.

மறுநாள் போனதுதான் அந்தப் பள்ளம். பழைய காலத்தில் எரிமலை இருந்து உள்ளே விழுந்த இடமாம், இங்கோரோங்கோரோ என்று பேர். முதலில் மலை மேல் ஏறி விளிம்புக்குப் போக வேண்டும். அங்கிருந்து உள்பக்கமாகச் சரிவில் இறங்கினால் கீழே சமவெளி. விளிம்பிலேயே இவருக்கு முகம் சரியில்லை. பனி மூட்டம், குளிர், காற்றில் ஏதோ குறைந்த மாதிரி எனக்கே இருந்தது. அந்த இடம் ரொம்ப உயரம், காற்று லேசாகத்தான் இருக்கும் என்றார் மருமகன். நான் நெஞ்சில் கை வைத்து நின்றேன். ஊட்டிக்குக்கூடப் போகாதவள் நான், அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். "நாம இங்கயே இருந்துக்கலாங்க" என்று கெஞ்சினேன். "இவ்ளோ தூரம் வந்துட்டு விளிம்புல ஒக்கார்றதா?" என்று வண்டியில் ஏறிவிட்டார்.

கீழே ஒரு ஏரி, பாதி வற்றிக் கிடந்தது. வற்றிய இடமெல்லாம் வெள்ளை வெளேரென்று உப்பு மாதிரி பொடி. காற்று அதைச் சுருட்டித் தூக்கிக்கொண்டு எங்கள் பக்கம் வந்தது. வண்டி அதற்குள் நுழைந்து வெளியே வந்தபோது இவருடைய புருவமும் மீசையும் வெளுத்திருந்தன.

"ஏய், இங்க பாருடி. நம்ம யூனிட்டு மாதிரியே இருக்குது" என்று சிரித்தார்.

கல்யாணமான புதிதில் சிரித்தவள் நான். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. துணியை எடுத்து நானே அவர் முகத்தில் கட்டினேன். அவிழ்த்து மடியில் போட்டுக்கொண்டார்.

சாப்பிடுவதற்கென்று ஒரு இடத்தில் எல்லா வண்டிகளையும் நிறுத்தியிருந்தார்கள். குளத்தில் நீர்யானைகள் முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தன. கையில் தின்பண்டத்தோடு யாரும் வெளியே நிற்காதீர்கள், வண்டிக்குள் உட்கார்ந்தே சாப்பிடுங்கள் என்று ஓட்டுபவர் சொன்னார். மேலே பருந்துகள் வட்டமடித்துக்கொண்டிருந்தன. நாங்கள் உள்ளே உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தோம். வெல்லம்தானே, சாப்பாடு இல்லையே என்று இவர் கீழே இறங்கி நின்று பாக்கெட்டில் கை விட்டார்.

பருந்து வந்தது தெரியவில்லை. அவர் கை வாய்க்குப் போகும்போது ஒரு நிழல் விழுந்தது, படீரென்று ஒரு அடி. வெல்லம் போய்விட்டது. விரலில் ரத்தம். பயந்துபோய் அவர் ஓடினார், வண்டியைச் சுற்றிக் கொஞ்ச தூரம்தான் ஓடியிருப்பார். அப்புறம் நின்றார். குனிந்து, இரண்டு கையையும் தொடையில் ஊன்றிக்கொண்டு நின்றார். நான் இறங்கிப் போய்ப் பிடித்தபோது அவர் வாய் திறந்திருந்தது, ஆனால் காற்று உள்ளே போகவில்லை. விசில் மாதிரி ஒரு சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. உதடு முதல் நாள் காட்டு மரத்தில் கட்டியிருந்த துணியின் நிறத்துக்குப் போய்விட்டது. சுற்றி நின்ற வெள்ளைக்காரர்கள் படம் எடுப்பதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள்.

ஆஸ்பத்திரி விளிம்புக்கு அந்தப் பக்கம், மலையிறங்கிப் போனால் வரும் ஊரில் இருந்தது. பள்ளத்திலிருந்து வெளியே வர மேலே ஏறுவதைத் தவிர வேறு வழி இல்லை. ஏற ஏறக் காற்று இன்னும் குறையும். ஆழத்துப் பிள்ளையார் படி எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. வண்டி வளைந்து வளைந்து ஏறியது. மகள் முன்னால் உட்கார்ந்து அழுதுகொண்டே போனில் யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். மருமகன் ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று தெரியாமல் இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்தார். நான் அவரை என் மேல் சாய்த்து வைத்துக்கொண்டேன். உடையும் சாமானைக் கட்டி அனுப்புகிறவள் நான், அன்றைக்கு அவரை எப்படிப் பிடித்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. விளிம்பைத் தாண்டும்போது அவர் கண் சொருகிவிட்டது. "என்ன பாருங்க, என்ன பாருங்க" என்று அவர் கன்னத்தில் அடித்துக்கொண்டே இருந்தேன். வேறு எதுவும் எனக்குச் செய்யத் தெரியவில்லை.

அவர் பிழைத்தார். ஆக்சிஜன் வைத்தார்கள், படம் எடுத்தார்கள். இத்தனை வருஷம் எடுக்க மாட்டேன் என்று அடம்பிடித்த படத்தைச் சுயநினைவு இல்லாதபோது எடுத்தார்கள். அங்கே இருந்த டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்து, இவர் என்ன வேலை செய்தார் என்று மகளிடம் கேட்டார். கல் பொடி என்றதும் தலையாட்டினார். நெஞ்சு முழுக்கத் தழும்பாகிவிட்டது, உள்ளே போன பொடி போனதுதான், அதை எடுக்க மருந்தே கிடையாது என்றார். வெல்லத்தைப் பற்றி நான் கேட்கச் சொன்னேன். மகள் கேட்டாள். வெல்லம் போவது வயிற்றுக்கு, பொடி போவது நெஞ்சுக்கு, இரண்டுக்கும் வழி வேறு என்றார் அவர். இவ்வளவுதான். இதைச் சொல்ல ஒரு ஆள் எங்கள் எஸ்டேட்டில் இல்லாமல் போய்விட்டார்.

மகளும் மருமகனும் ஏதேதோ பேசி, விமானத்தில் ஆக்சிஜனுக்கு ஏற்பாடு செய்து ஊருக்கு அனுப்பி வைத்தார்கள். இப்போது மெஷினோடு இருக்கிறார். கக்கூசுக்குப் போகும்போதும் மூக்கில் குழாய் இருக்க வேண்டும். கரண்ட் போனால் சிலிண்டருக்கு மாற்ற வேண்டும், வானம் இருண்டாலே சிலிண்டரைக் கட்டில் பக்கம் உருட்டி வைத்துவிடுவேன். அந்தச் சத்தம் நின்றுவிடுமோ என்று காதைத் தீட்டிக்கொண்டே சோறாக்குகிறேன். நான் மட்டும் பேக்கிங் ஷெட்டுக்கு இன்னும் போகிறேன். ஒரு வருமானமாவது வர வேண்டுமே. சாயங்காலம் வெல்லத் தட்டு வரும். யார் வேண்டாம் என்கிறார்கள், எல்லோரும் கை நீட்டுகிறார்கள். நான் சொன்னதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். சீமைக்குப் போய் வந்த திமிரு என்கிறார்கள்.

போன வாரம் வந்தவளிடம் துணிப்பை சொன்னேன், நிறம் சொன்னேன், வேட்டித் துணிப் பை தைப்பது சொன்னேன், ஸ்வெட்டர் சொன்னேன். பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"எல்லாத்துக்கும் முன்னாடி ஒம் புருஷனுக்கு நெஞ்சுல படம் எடு. படம் எடுக்காம டிக்கெட்டு போடாத."

அவள் முகம் சுருங்கிவிட்டது. "அவுரு தெனம் வெல்லம் தின்றாருக்கா. ஒண்ணும் இருக்காது" என்றாள். உள்ளறைப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுச் சட்டென்று எழுந்துகொண்டாள். நல்ல காரியத்துக்குப் புறப்படும்போது இது என்ன பேச்சு என்று அவளுக்கு இருந்திருக்கும்.

எனக்கு மனசு கேட்கவில்லை. தெருமுனை வரைக்கும் போகலாம் என்று அவர்கள் கூடவே நடந்தேன். அந்த மனிதர் நடுவில் நின்று மூச்சு வாங்குகிறாரா என்று பார்க்கத்தான் போனேன். காட்டில் வண்டி ஓட்டியவர் சொன்னது என் மண்டைக்குள்ளேயே இருந்தது. தண்ணீர்த் தொட்டி இருக்கும் இடத்தில் எங்கள் தெரு கொஞ்சம் மேடாகப் போகும். அவர் இருமினார், ஆனால் நிற்கவில்லை. அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த முதுகு மேட்டில் ஏறி, தூரமாகி, சின்னதாகிக்கொண்டே போனது.

முனையில் அவள் திரும்பிப் பார்த்தாள்.

"என்னாக்கா, அங்கயே நின்னுட்டீங்க?"

என் கை தண்ணீர்த் தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தது. எப்போது பிடித்தேன் என்று தெரியவில்லை. முட்டி வலி என்று சொல்ல வாயைத் திறந்தேன். முட்டி வலிக்கவில்லை. சொல்வதற்குக் காற்றும் வரவில்லை.